இரண்டாம் மாடியில் இல்லாத அறை

ஜூன் 4

அன்புள்ள தம்பி வாத்திக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்பதை நீதான் எழுத வேண்டும், உன் ஃபோன் சொல்வதாக இல்லை. அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்கத்தான் ஆளைக் காணோம். போன மாதம் பேசினபோது உன் குரல் கரகரவென்று இருந்தது. சாக்பீஸ் தூள் என்றாய். உப்புத் தண்ணீரில் கொப்பளி என்றேன். கொப்பளித்தாயா?

இனி என் கதை. சிரிக்காதே. நாற்பத்திரண்டு வயதில் உன் அக்கா மறுபடி படிக்கப் போகிறாள். இனிமேல் எங்கள் மருந்துக்கடையில் மருந்துச்சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்க டிப்ளமா வேண்டுமாம். இல்லாதவர்கள் சோப்பு, பவுடர், பற்பசை விற்கிற பக்கம் போய் நிற்க வேண்டுமாம். கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினாலும் சரியான மருந்தை எடுப்பவள் நான், என்னைச் சோப்புப் பக்கம் அனுப்பினால் எனக்கு எப்படி இருக்கும்? டிப்ளமாவில் சேர டிசம்பரில் நுழைவுத் தேர்வு. அதில் வேதியியல் ஒரு தாள். மாலை வகுப்பில் சேர்ந்துவிட்டேன்.

வகுப்பு எடுக்கிறவர் எக்ஸ்பிரஸ் ரயில். எந்த ஸ்டேஷனிலும் நிற்பதில்லை. நேற்று குவாண்டம் எண்கள் நான்கு என்று பலகையில் எழுதினார், நாங்கள் எழுதி முடிப்பதற்குள் அழித்துவிட்டார். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஓர் எலக்ட்ரானுக்கு எதற்கப்பா நான்கு எண்? பக்கத்தில் இருப்பவர்களுக்கெல்லாம் என் வயதில் பாதிதான். அவர்களிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. சொந்தத் தம்பி வேதியியல் வாத்தியாராக இருக்கும்போது நான் ஏன் ஊராரிடம் கேட்க வேண்டும்?

அம்மாவும் போன பிறகு உனக்கு நான், எனக்கு நீ, அவ்வளவுதான் நம் குடும்பம். நான் ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால் நேராகத் திட்டிவிடு. எடுக்காமல் மட்டும் இருக்காதே. அதை என்னால் தாங்க முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் அக்கா

ஜூன் 22

அன்புள்ள ரேடியோ அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சௌக்கியம். என் தொண்டையும் சௌக்கியம். ஃபோன்தான் சௌக்கியமில்லை. மழையில் லைன் கெட்டுவிட்டது, சரிசெய்கிறவர் வருகிறார், பார்க்கிறார், போகிறார். உன்மேல் எனக்குக் கோபமா? உன்மேல் கோபப்பட்டு யார் ஜெயித்தார்கள்? நீ பேசி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவருக்குக் கோபம் ஆறிப்போயிருக்கும். சும்மாவா ரேடியோ என்று பெயர் வைத்தேன்.

நான்கு எண் என்பது ஒரு முகவரி. அணுவை ஓர் அடுக்குமாடிக் கட்டிடம் என்று வைத்துக்கொள். முதல் எண், n, எந்த மாடி என்று சொல்லும். மாடி ஏற ஏற எலக்ட்ரான் அணுக்கருவை விட்டு விலகி இருக்கும். இரண்டாவது எண், l, அறையின் வடிவத்தைச் சொல்லும். 0 என்றால் உருண்டை, அதற்கு s என்று பெயர். 1 என்றால் இரண்டு பலூனை வாயோடு வாய் வைத்துக் கட்டின மாதிரி, அது p. 2 என்றால் d, பெரும்பாலும் நான்கு பலூன். எல்லாரும் கோட்டை விடுகிற இடம் இதுதான், அதனால் அடிக்கோடு போடுகிறேன்: l எப்போதும் n-ஐ விடச் சின்னதாகத்தான் இருக்கும். முதல் மாடியில் s மட்டும். இரண்டாம் மாடியில் s, p. d அறையைப் பார்க்க வேண்டுமானால் மூன்றாம் மாடி ஏறியே ஆகவேண்டும். என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைத் தப்பாகச் சொல்லமாட்டேன்.

மூன்றாவது எண், அறை எந்தத் திசை பார்த்திருக்கிறது என்பது. s-க்கு ஒரே நிலை, உருண்டைக்கு ஏது திசை? p-க்கு மூன்று, d-க்கு ஐந்து.

நான்காவதுதான் எனக்குப் பிடித்த எண். ஓர் அறைக்கு, அதாவது ஓர் ஆர்பிட்டாலுக்கு, அதிகம் போனால் இரண்டு எலக்ட்ரான். அந்த இரண்டுக்கும் முதல் மூன்று எண்ணும் ஒன்றேதான். அதனால் நான்காவது எண்ணாவது வேறாக இருந்தே தீர வேண்டும். அதைச் சுழற்சி என்பார்கள், ஒன்றுக்கு ஒன்று எதிர். சின்ன வயதில் ஒரே கட்டிலில் நாம் தலைமாடு கால்மாடாகப் படுத்தோமே, அந்தக் கதைதான். உன் பாதம் என் மூக்குக்கு நேராக இருக்கும். அதற்குச் சம்மதித்தால்தான் எனக்குக் கட்டிலில் இடம்.

நேரத்துக்குச் சாப்பிடு. நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே, காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும்.
வாத்தி

ஜூலை 10

அன்புள்ள வாத்திக்கு,

நான் நன்றாக இருக்கிறேன், நீயும் அப்படித்தான் என்று நம்புகிறேன். உன் கடிதத்தை வகுப்புக்கே கொண்டுபோய் மேஜைக்கு அடியில் வைத்துப் படித்தேன். மாடி, அறை, திசை, தலைமாடு. புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கச் சுற்றி வளைத்ததை நீ நான்கு வார்த்தையில் முடித்துவிட்டாய்.

ஆனாலும் மானம் போய்விட்டது. ஒரு p ஆர்பிட்டாலில் எத்தனை எலக்ட்ரான் இருக்கலாம் என்று ரயில் வாத்தியார் என்னை எழுப்பிக் கேட்டார். ஆறு என்று கணீரென்று சொன்னேன். வகுப்பே சிரித்தது. p அறை மூன்று இருக்கிறது, மூன்றிலும் சேர்த்துத்தான் ஆறு, ஓர் அறைக்கு இரண்டுதான் என்று பிறகுதான் உறைத்தது. இனிமேல் செத்தாலும் அதை மறக்கமாட்டேன்.

இப்போது என் சந்தேகம். எலக்ட்ரான் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாதாம், எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்றுதான் சொல்ல முடியுமாம். புத்தகத்தில் புள்ளி புள்ளியாக வைத்துக் காட்டியிருக்கிறார்கள். p-யில் இரண்டு பக்கமும் புள்ளி மொய்க்கிறது. நடுவில் ஒன்றுகூட இல்லை. அதற்குக் கணு என்று பெயர் போட்டிருக்கிறது. அங்கே எலக்ட்ரான் இருக்கவே இருக்காதாம். அப்படியானால் இந்தப் பலூனிலிருந்து அந்தப் பலூனுக்கு அது எப்படிப் போகிறது? நடுவைத் தாண்டாமல் எப்படிப் போக முடியும்?

உன் பள்ளிக்கூடம் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் அதைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லையே. கடைசி பெஞ்சு கலாட்டாக்காரர்கள் இந்த வருஷம் என்ன செய்கிறார்கள்?

என் அறையில் இரண்டு நாற்காலி. ஒன்றில் நான், இன்னொன்றில் என் பை. கீழே தையல் கடையில் மிஷின் சத்தம் நின்றுவிட்டால் கட்டிடத்தில் வேறு சத்தமே கிடையாது. அதற்குப் பிறகு மனசுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். ரேடியோ பாட்டுக்கு ஓடுகிறது, கேட்கத்தான் வீட்டில் ஆளில்லை.

பதில் போடு.
அக்கா

ஆகஸ்ட் 2

தம்பி,

நலமா? கடிதம் வரவில்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே கடையிலிருந்து எட்டிப் பார்க்கிறேன். அவரும் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

மனசு கேட்காமல் ஞாயிற்றுக்கிழமை ஃபோன் போட்டேன். யாரோ எடுத்தார்கள். பேசவில்லை. மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது, அதுவும் ஒரு மாதிரி இரைச்சலாக. யாருப்பா அது என்று கேட்டேன். பதில் இல்லை. தப்பு நம்பர் என்று வைத்துவிட்டேன். வைத்த பிறகு ஏன் வைத்தோம் என்று இருந்தது.

இரண்டு வரி போதும். எழுது.
அக்கா

ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியம். கொஞ்ச நாள் காய்ச்சலில் படுத்துவிட்டேன், அதனால்தான் தாமதம். கையில் இன்னும் நடுக்கம் இருக்கிறது, வரி சரிந்து போவதைப் பார்த்துப் பயந்துவிடாதே. ஃபோனில் வந்தது யாரோ. நம் லைன் இன்னும் எங்கெங்கோ போய்த்தான் விழுகிறது.

பக்கத்து அறையில் ஒரு வெல்டர் இருக்கிறார். வேலைக்குப் போகும் முன் கதவைத் தட்டி சூப் கொடுத்துவிட்டுப் போகிறார். ஜன்னலுக்கு எதிரே சலவைக்கடை, அங்கே மிஷின் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பதினோரு மணிக்கு வெயில் கட்டில்மேல் வருகிறது. மத்தியானத்தில் பஸ் ஸ்டாப் பெஞ்சு வரை நடந்து போய் உட்கார்கிறேன். பஸ் வந்தால் ஏறுவதில்லை. ஓட்டுநருக்கே பழகிவிட்டது, எனக்காக நிறுத்துவதில்லை.

உன் சந்தேகம் நல்ல சந்தேகம். இரண்டு ஆணிக்கு நடுவே கொடிக்கயிறு கட்டி, அளவான வேகத்தில் ஆட்டிப் பார். இடது பாதி மேலே போகும்போது வலது பாதி கீழே போகும். நடுவில் ஓர் இடம் அசையாது. கயிறு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் எப்படிப் போனது என்று கேட்பாயா? அது எங்கேயும் போகவில்லை, இரண்டு பக்கமும் இருப்பது அந்த ஒரே கயிறுதான். எலக்ட்ரானை ஊர்ந்து போகிற எறும்பாக நினைக்காதே. அலையாக நினை.

பயிற்சிக்கு 2d ஆர்பிட்டாலை எடுத்துக்கொள். n = 2, l = 2. ஐந்து திசை, எல்லா அறையிலும் சேர்த்துப் பத்து எலக்ட்ரான். ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்ணையும் எழுதிப் பார்.

அசதியாக இருக்கிறது. இங்கே நிறுத்துகிறேன்.
தம்பி

செப்டம்பர் 7

தம்பிக்கு,

நான் நலமில்லை. பயந்து போயிருக்கிறேன்.

2d என்று ஓர் அறை கிடையாது. நீ சொன்னபடி எழுதிப் பார்த்தேன், எங்கேயோ இடித்தது. என் மண்டைதான் மக்கு என்று புத்தகத்தைப் புரட்டினேன். பிறகு உன் ஜூன் மாதக் கடிதத்தை எடுத்தேன். d அறைக்கு மூன்றாம் மாடி ஏற வேண்டும் என்று உன் கையெழுத்திலேயே இருக்கிறது, அடிக்கோடு வேறு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தப்பாகச் சொல்லமாட்டேன் என்றவன் நீ.

வகுப்பில் காட்டினேன். “யாரும்மா உங்களுக்கு இதைச் சொல்லிக் குடுத்தது? அடிப்படையே தெரியாத ஆளா இருக்காரே” என்றார் ரயில் வாத்தியார்.

“அவனுக்கு உடம்பு சரியில்லைங்க” என்றேன்.

என் வாயிலிருந்து அது வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

அறைக்கு வந்து உன் கடிதங்களை எல்லாம் பரப்பி, புத்தகத்தில் வைத்திருக்கிற மாதிரி நீ இருக்கிற இடங்களுக்குப் புள்ளி வைத்துப் பார்த்தேன். கட்டிலில் நிறைய, ஜன்னலில் நிறைய, பஸ் ஸ்டாப் பெஞ்சில் நிறைய. வேலை நாளில், மத்தியானத்தில், ஒரு வாத்தியார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. போன வருஷத்துக் கடிதங்களில் பள்ளிக்கூடத்தைத் தவிர வேறு எதுவும் இருக்காது, எனக்கே சலித்துப்போகும். நான் கேட்டும் ஒரு வார்த்தை எழுதவில்லை நீ. பள்ளிக்கூடம் உனக்குக் கணுவாகிவிட்டதா?

காய்ச்சல், லைன் கோளாறு என்று இனிமேல் என் காதில் பூச்சுற்றாதே. அன்றைக்கு ஃபோனில் மூச்சு விட்டது நீதானே? எடுத்தவன் ஏன் பேசவில்லை? என்னோடு பேசப் பிடிக்காமலா? பிடிக்கவில்லை என்றாலும் எழுது. வேறு எதுவாக இருந்தாலும் எழுது.
அக்கா

செப்டம்பர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை சௌக்கியம் என்று ஆரம்பிக்க முடியவில்லை.

சாக்பீஸ் தூள் இல்லை. குரல்வளையில் கட்டி. உன் முதல் கடிதம் வந்த வாரம்தான் டாக்டர் சொன்னார். ஜூலையில் அறுவை சிகிச்சை. குரல்வளையை முழுவதும் எடுத்துவிட்டார்கள். கட்டி போய்விட்டது, இனிமேல் வராது என்றுதான் சொல்கிறார்கள், அதை நம்பலாம். ஆனால் குரலும் அதோடு போய்விட்டது. கழுத்தில் ஒரு துவாரம், மூச்சு அந்த வழியாகத்தான். 2d எழுதின அன்று வலி மாத்திரையின் மயக்கத்தில் இருந்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் வலியை விட அதுதான் வலித்தது.

ஃபோனை எடுத்தது நான்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பின மறுநாள். பழக்க தோஷம், மணி அடித்ததும் எடுத்துவிட்டேன். “யாருப்பா அது?” என்று கேட்டாய். நான்தான் அக்கா என்று வாயைத் திறந்தேன். வாயில் காற்றுகூட வரவில்லை. ரிசீவரின் அடிமுனை கழுத்துக்கு நேரே இருந்ததால் என் மூச்சு உனக்குக் கேட்டிருக்கிறது. நீ வைத்த பிறகும் வெகுநேரம் நான் வைக்கவில்லை.

உன்னிடம் மறைத்ததற்குச் சப்பைக்கட்டு எதுவும் கட்டப் போவதில்லை. நீ ஜூனில் கேட்ட சந்தேகத்துக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத என் வகுப்பில் நிற்கிற மாதிரியே இருந்தது. தாளில் மட்டும் என் குரல் கெடவில்லை அக்கா. உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்கு நான் இன்னும் பழைய வாத்திதான் என்று இருந்தது. அதை விட மனசு வரவில்லை.

பள்ளியில் ஆய்வகப் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை தருகிறோம் என்கிறார்கள். கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, கையில் சிலேட்டோடு, என் பிள்ளைகள் முன்னால் நடக்க வேண்டும். அந்தத் தெருப் பக்கமே நான் போவதில்லை. நீ புள்ளி வைத்தது சரிதான்.

நீ நன்றாகப் படி.
தம்பி

அக்டோபர் 14

என் தம்பிக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய், எனக்கு அது போதும் என்று எழுத நினைத்தேன். போதவில்லை. உன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. தொண்டையில் கட்டியோடு இருந்தவனுக்கு உப்புத் தண்ணீர் வைத்தியம் சொன்னேனே, அதை நினைத்தால் என்மேலேயும் வருகிறது. கத்தியின் கீழே தனியாகப் படுத்திருக்கிறாய். கையைப் பிடித்துக்கொள்ள நான் இல்லை. கடையில் அழுதேன், வகுப்பில் அழுதேன், இப்போதுதான் கொஞ்சம் ஓய்ந்து எழுதுகிறேன்.

கடையில் லீவு சொல்லிவிட்டேன். தேர்வு முடிந்ததும் வருகிறேன். வேண்டாம் என்று எழுதித் தாளை வீணாக்காதே.

அதுவரைக்கும் ஒன்று செய். இந்த மாதக் கடைசி ஞாயிறு, சாயங்காலம் ஆறு மணிக்கு நான் ஃபோன் செய்வேன். எடு. வாயைத் திறக்க வேண்டாம். நான் பாடத்தைச் சொல்லிக்கொண்டே போவேன். சரி என்றால் ரிசீவரில் விரலால் ஒரு தட்டு, தப்பு என்றால் இரண்டு. பேசுகிற வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன், நம் குடும்பத்தில் அதற்கு என்றைக்கும் குறைச்சல் இருந்ததில்லை.

நான்காவது எண் வேறாக இருந்தால்தான் ஓர் அறையில் இரண்டு பேர் இருக்க முடியும் என்றாயே. ஒருத்தி பேசினால் ஒருத்தன் தட்டட்டும். அன்றைக்குத் தப்பு நம்பர் என்று வைத்துவிட்டேன். இந்த முறை நீ வைக்கிறவரை நான் வைக்கமாட்டேன்.

சூப் கொடுக்கிற வெல்டருக்கு என் நன்றியைச் சிலேட்டில் எழுதிக் காட்டு.
அக்கா

நவம்பர் 3

அன்புள்ள ரேடியோவுக்கு,

சௌக்கியம். இந்த முறை பொய் இல்லை, புண் ஆறிவிட்டது என்று டாக்டரே சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கே ஃபோன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். வெல்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கதவைச் சாத்திவிட்டுப் போனார். மணி அடித்தது. எடுத்தேன். நீ ஹலோ சொல்லவில்லை. “தம்பி, முதல் மாடியில என்ன அறை?” என்று ஆரம்பித்து, நீயே “s” என்று பதிலும் சொன்னாய். என் விரல் தானாகத் தட்டியது. அந்த ஒரு தட்டுக்கு நீ கொஞ்ச நேரம் பேசவே இல்லை. உன் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் நீ வாயை மூடியிருந்ததே கிடையாது.

அப்புறம் மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டே போனாய். மாடி சரி, திசை சரி, கணு சரி. தட்டித் தட்டி விரல் நுனி சிவந்துவிட்டது. என் எதிரில் யாரோ உட்கார்ந்து பாடம் ஒப்பிக்கிறார்கள், நான் திருத்துகிறேன். இதை மறுபடி செய்வேன் என்று நான் நினைக்கவே இல்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத் தெருவில் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே போகவில்லை. மணி அடிக்கிற சத்தம் கேட்கும்வரை நின்றுவிட்டு வந்தேன். தேர்வு முடிந்து இங்கே வருகிறபோது நீயும் கூட வா, உள்ளே போய்ப் பார்க்கலாம்.

ஒரு விஷயம் மட்டும் சொல்லவேண்டும். கடைசியில், ஒரு p ஆர்பிட்டாலில் ஆறு எலக்ட்ரான் என்றாய். இரண்டு முறை தட்டினேன். சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை தட்டு என்றாய். தட்டினேன். மறுபடியும் ஆறு என்றாய். மறுபடியும் தட்டினேன். வைத்த பிறகுதான் உன் ஜூலை மாதக் கடிதம் ஞாபகம் வந்தது. செத்தாலும் மறக்கமாட்டேன் என்று எழுதியிருந்தாயே. இல்லாத 2d-யைக் கண்டுபிடித்தவள் அந்தத் தப்பைப் பண்ணுவாளா?

அடுத்த முறை இதைவிடக் கொஞ்சம் கஷ்டமான தப்பாகப் பண்ணு அக்கா.
வாத்தி